ஒளியை நாடும் செடிகள்

பயிர்த்தொழில் என்பது சூரிய ஒளியை உணவாக மாற்றும் தொழிலே ஆகும். நீரைப் பற்றியும், எருவைப் பற்றியும், விதையைப் பற்றியும் நாம் கிராம சபைகளில் நெடுநேரம் பேசுகிறோம். ஒளியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அது விலையின்றிக் கிடைக்கிறது என்பதே காரணம். ஆனால் விலையின்றிக் கிடைக்கும் பொருளும் வீணாகக் கூடும். சில வேளைகளில் வேண்டாத இடத்தில் விழுந்து தீமையும் செய்யக் கூடும். செடிகள் ஒளியை எவ்வாறு உணர்கின்றன, எவ்வாறு அதனை நோக்கி வளைகின்றன என்பதை அறிந்து கொண்டால், மரக்கன்று நடுவது முதல் தெருவிளக்கு அமைப்பது வரை பஞ்சாயத்தின் பல பணிகளை நன்கு செய்யலாம்.

நம் கண்முன் நிகழ்வது

இராயபுரத்தின் குறுகிய சந்துகளில் நடந்து செல்வோர் மேலே நோக்கினால், மாடிகளில் தொட்டியில் வைத்த துளசியும் மல்லிகையும் வீட்டை விட்டு விலகித் தெருவை நோக்கிச் சாய்ந்திருப்பதைக் காணலாம். திருவொற்றியூரில் உயர்ந்த மதிற்சுவர்களை ஒட்டி வளரும் பூவரசும் புங்கமும் சுவரின் பக்கம் கிளையின்றி, சாலையின் பக்கம் மட்டும் தழைத்து நிற்கின்றன. எண்ணூர்க் கடற்கரை மணலில் படர்ந்திருக்கும் நெருஞ்சி, காலையில் தன் மஞ்சள் பூக்களை மலர்த்துகிறது. நெருஞ்சிப் பூ சூரியனை நோக்கித் திரும்பும் என்பதை நம் முன்னோர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தனர். சங்கப் பாடல்களில் அது உவமையாகவே வருகிறது. காலில் தைக்கும் முள்ளைக் கண்டு ஒதுங்கிச் செல்லாமல், அதன் பூவையும் நின்று நோக்கியவர்கள் அவர்கள்.

கண்டது பழமையானதே ஆயினும், காரணம் அறியப்பட்டது அண்மையில்தான். அந்த வரலாற்றை முதலில் காண்போம்.

நுனி உணர்கிறது, அடி வளைகிறது

இங்கிலாந்து நாட்டு அறிஞர் சார்லஸ் டார்வினும் அவருடைய மகன் பிரான்சிஸும் செடிகளின் அசைவைப் பற்றி 1880-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். ஒருவகைப் புல்லின் இளம் முளைகளை இருட்டறையில் வைத்து, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விளக்கொளி படும்படி செய்தனர். முளைகள் விளக்கை நோக்கி வளைந்தன. பிறகு சில முளைகளின் நுனியில் ஒளி புகாத சிறு குல்லாயை மாட்டினர். அவை வளையவில்லை. வேறு சில முளைகளின் நுனியைத் திறந்து வைத்து, அடிப்பகுதியை மட்டும் மூடினர். அவை வளைந்தன. ஆகவே ஒளியை உணரும் இடம் நுனி என்பதும், வளையும் இடம் அதற்குக் கீழே உள்ளது என்பதும், நுனியிலிருந்து ஏதோ ஒரு செய்தி கீழே இறங்குகிறது என்பதும் விளங்கின.

அந்தச் செய்தி என்ன? டென்மார்க் அறிஞர் பாய்சன் ஜென்சன் 1910-ஆம் ஆண்டையொட்டிச் செய்த சோதனைகளில், வெட்டிய நுனிக்கும் அடிக்கும் இடையே ஒரு மெல்லிய கூழ்த்துண்டை வைத்தாலும் செய்தி கடந்து செல்வதைக் கண்டார். ஆகவே அது நீரில் கரைந்து செல்லும் ஒரு பொருளாக இருத்தல் வேண்டும். ஹாலந்து நாட்டு இளைஞர் பிரிட்ஸ் வென்ட் 1926-ஆம் ஆண்டில் அப்பொருளையே தனியே பிடித்து விட்டார். முளைகளின் நுனிகளை வெட்டிக் கடற்பாசிக் கூழின் மேல் சிறிது நேரம் வைத்தார். பின்பு அக்கூழின் ஒரு துண்டை, நுனி வெட்டப்பட்ட முளையின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தார். ஒளியே இல்லாத அறையிலும் முளை எதிர்ப்பக்கமாக வளைந்தது. நுனியிலிருந்து கூழில் இறங்கிய அந்த வளர்ச்சிப் பொருளுக்கு ஆக்சின் என்று பெயரிட்டனர்.

இப்போது நமக்குத் தெரிந்த விவரம் இது. சூரிய ஒளியில் அடங்கிய பல நிறங்களுள் நீல நிறத்தை உணர்வதற்கென்று செடிகளில் ஃபோட்டோட்ரோபின் என்னும் புரதம் இருக்கிறது. அதனை ஆக்கும் மரபணு 1997-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. ஒரு பக்கத்தில் ஒளி மிகுதியாகவும் மறுபக்கத்தில் குறைவாகவும் விழும்போது, இப்புரதம் அந்த வேற்றுமையை அறிகிறது. உடனே ஆக்சின் நிழற்பக்கத்தில் மிகுதியாகச் சேருகிறது. அங்குள்ள உயிரணுக்களின் சுவர்கள் இளகி, உயிரணுக்கள் நீளுகின்றன. ஒளிப்பக்கத்து உயிரணுக்கள் அவ்வளவு நீளுவதில்லை. வண்டியின் ஒரு மாடு விரைந்தும் மற்றொன்று மெதுவாகவும் நடந்தால் வண்டி மெதுவான மாட்டின் பக்கமே திரும்புகிறது அன்றோ? அவ்வாறே செடியும் ஒளியின் பக்கமாகத் திரும்புகிறது. ஒளி செடியைக் கயிறு கட்டி இழுப்பதில்லை. செடியே நிழற்பக்கத்தில் மிகுதியாக வளர்ந்து தன்னைத் தள்ளிக் கொள்கிறது.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். வளரும் பகுதியே வளையும். முற்றிய தண்டும் தடித்த மரமும் திரும்ப முடியாது. இளமையில் கோணிய கன்று பிற்காலத்தில் தானே நிமிரும் என்று எதிர்பார்த்தல் வீண்.

வணங்கும் மரமும் ஜகதீச சந்திர போஸும்

செடிகளின் அசைவை அளப்பதில் நம் நாடும் பின்தங்கி இருக்கவில்லை. 1917-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவிய ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குப் புலப்படாத செடி வளர்ச்சியைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் கருவிகளை இங்கேயே அமைத்தார். அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று, இன்று வங்காள தேசத்தில் உள்ள பரீத்பூரில் நின்ற ஓர் ஈச்ச மரம். மாலையில் கோயில் மணி ஒலிக்கும் வேளையில் அது தலை தாழ்த்தி நிலத்தைத் தொடும். காலையில் மீண்டும் நிமிரும். மக்கள் அதனைத் தெய்வ அருளாகக் கருதி வழிபட்டனர். போஸ் மரத்தில் கருவியைப் பொருத்தி இரவும் பகலும் அதன் அசைவைப் பதிவு செய்தார். மரத்தின் ஏற்றத்தாழ்வு நாள்தோறும் மாறும் வெப்பநிலையைப் பின்பற்றியே நிகழ்ந்தது என்று அவர் கண்டார்.

இந்நிகழ்ச்சி நமக்கும் ஒரு பாடம். செடி வளைந்தால் ஒளியே காரணம் என்று உடனே முடிவு கட்டிவிடலாகாது. காற்றால் வளையும், வெப்பத்தால் வளையும், வேர் அழுகியும் சாயும். அளந்து பார்த்த பின்பே காரணம் கூறுதல் வேண்டும்.

சூரியகாந்தி கற்பிக்கும் பாடம்

எண்ணெய்க்கான சூரியகாந்தி ரகங்கள் 1969-ஆம் ஆண்டில் சோவியத் நாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்தன. இளம் சூரியகாந்திச் செடி காலையில் கிழக்கு நோக்கி நிற்கும். பகலெல்லாம் சூரியனைத் தொடர்ந்து மாலையில் மேற்கு நோக்கும். இரவில் மெல்லத் திரும்பி, விடிவதற்கு முன்பே கிழக்கு நோக்கிக் காத்து நிற்கும். பகலில் தண்டின் கிழக்குப் பக்கமும், இரவில் மேற்குப் பக்கமும் மிகுதியாக வளர்வதே இதன் காரணம் என்று 2016-ஆம் ஆண்டில் கலிபோர்னிய ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். இரவில் ஒளி இல்லாதபோதும் செடி திரும்புவதால், அதனுள் நாழிகை காட்டும் ஓர் உள் கடிகாரம் உண்டு என்பது தெளிவு. திரும்ப முடியாதபடி கட்டி வைத்த செடிகளின் எடையும் இலைப்பரப்பும் ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்தன. சூரியகாந்தியின் இந்த அசைவு, ஆய்வுக்கூடத்து முளைகள் வளையும் முறையினின்றும் வேறானது என்று 2023-ஆம் ஆண்டு ஆராய்ச்சி கூறுகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டு செயல்களுக்கு வெவ்வேறு வழிகளை இயற்கை அமைத்திருக்கிறது.

பூ முற்றியதும் அசைவு நின்று விடுகிறது. அதன்பின் பூத்தட்டு கிழக்கு நோக்கியே நிற்கும். கிழக்கு நோக்கிய பூ காலை வெயிலில் விரைவில் வெப்பமடைகிறது. மேற்கு நோக்கித் திருப்பி வைத்த பூக்களைக் காட்டிலும் ஐந்து மடங்கு தேனீக்கள் அதனிடம் வருவதை அதே ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். காலை வேளையில் சூரியகாந்தி வயலில் பூச்சி மருந்து தெளிக்கலாகாது என்று விவசாய அலுவலர்கள் கூறுவதன் பொருள் இப்போது விளங்கும். அந்நேரத்தில் தெளிக்கும் மருந்து மணி பிடிக்கச் செய்யும் தேனீயைக் கொல்லும்.

இலைகளிலும் இத்தகைய அறிவைக் காணலாம். பருத்தி இலை சூரியனை நேரே எதிர்கொள்ளுமாறு திரும்புகிறது. காராமணி முதலிய பயறுகளோ, நீர் குறைந்த நண்பகலில் இலைகளைச் செங்குத்தாக நிறுத்தி வெயிலுக்கு விளிம்பை மட்டும் காட்டுகின்றன. ஒளி மிகும்போது அதனைத் தவிர்க்கும் தந்திரம் அது. நண்பகலில் இலைகள் அவ்வாறு நிமிர்ந்து நின்றால், செடி நீர் கேட்கிறது என்று விவசாயி அறிந்து கொள்ளலாம்.

நிழலை அறியும் கண்

பக்கத்தில் வேறு செடி நிற்கிறதா என்பதையும் செடிகள் உணர்கின்றன. பச்சை இலைகள் சூரிய ஒளியிலுள்ள சிவப்பு நிறத்தை உண்டு விடுகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாத கடைச் சிவப்பு ஒளியை விட்டு விடுகின்றன. ஆகையால் இலை நிழலில் கடைச் சிவப்பே மிஞ்சுகிறது. இந்த வேற்றுமையை ஃபைட்டோகுரோம் என்னும் மற்றொரு புரதம் அறிகிறது. உடனே செடி, அண்டை வீட்டானை முந்த வேண்டும் என்பதுபோல் தண்டை நீட்டி உயர்கிறது. வேருக்கும் மணிக்கும் செல்ல வேண்டிய சத்து தண்டின் நீளத்திற்குச் செலவாகிறது.

நெருக்கி நட்ட நெல் உயரமாக வளர்ந்து, வடகிழக்குப் பருவமழையில் சாய்ந்து விடுவதன் ஒரு காரணம் இதுவே. திருந்திய நெல் சாகுபடியில் இளம் நாற்றை ஒற்றை நாற்றாக, சுமார் 25 சென்டிமீட்டர் சதுரத்தில் நடும்படி கூறுவதற்கும் இது பொருத்தமாகிறது. அடித்தூருக்கும் ஒளி கிடைத்தால் தூர் பெருகும்; தண்டு குட்டையாகவும் உறுதியாகவும் நிற்கும். இடைவெளியைக் கண்டு, "நிலம் வீணாகிறதே" என்று வருந்த வேண்டியதில்லை. அந்த இடைவெளியில் ஒளி வேலை செய்கிறது.

விளக்கும் வயலும்

அண்மையில் நமது வட்டாரத்துப் பஞ்சாயத்து ஒன்றில் ஒரு வழக்கு எழுந்தது. வயலோரச் சாலையில் பிரகாசமான புதிய விளக்குகளை அமைத்திருந்தனர். ஆலைகளில் இரவு முறை வேலை முடித்துத் திரும்பும் ஆண்களும் பெண்களும் அச்சமின்றி நடப்பதற்கு அவை வேண்டியவையே. ஆனால் சம்பா முற்றும் தருணத்தில், ஒவ்வொரு கம்பத்தின் கீழும் ஒரு வட்டம் மட்டும் பச்சையாகவே நின்றது. எஞ்சிய வயல் பொன்னிறமாகி அறுவடைக்குத் தயாராயிற்று. "உரம் மிகுந்து விட்டது" என்றார் ஒருவர். "விதையில் கலப்பு" என்றார் மற்றொருவர். "விளக்கை அணைத்து விடுங்கள்" என்றார் நிலத்துக்குரியவர். "அணைத்தால் எங்கள் பெண்கள் எப்படி வீடு வந்து சேருவார்கள்?" என்று கேட்டார் ஒரு தாய். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது.

இங்கு நிகழ்ந்ததன் காரணம் 1920-ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. அமெரிக்க விஞ்ஞானிகள் கார்னரும் அல்லார்டும், ஒருவகைப் புகையிலை பகல் குறுகிய காலத்தில் மட்டுமே பூக்கிறது என்று கண்டனர். உண்மையில் இத்தகைய செடிகள் அளப்பது இரவின் நீளத்தையே. நீண்ட இரவின் நடுவே வெளிச்சம் விழுந்தால், இரவு முறிந்தது என்று செடி எண்ணிக் கொள்ளும், பூக்காது. பழைய நீண்டகாலச் சம்பா ரகங்கள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. சென்னைப் பகுதியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேற்றுமை சுமார் ஒன்றரை மணி நேரமே. அத்துணைச் சிறிய வேற்றுமையை அறியும் பயிருக்கு, விடிய விடிய எரியும் விளக்கு பெருங்குழப்பம் செய்யும் என்பதில் வியப்பில்லை. இன்றைய குறுகியகால ரகங்கள் பலவற்றை இது அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

பஞ்சாயத்தார் விளக்கை அணைக்கவில்லை. வயற்பக்கமாக ஒரு தகட்டு மறைப்பைப் பொருத்தி, ஒளி சாலையில் மட்டும் விழுமாறு செய்தனர். கம்பத்தை ஒட்டிய துண்டில் குறுகியகால ரகத்தை நடுவதென நிலத்துக்குரியவரும் ஒப்புக் கொண்டார். அடுத்த சம்பாவில் பச்சை வட்டம் பெரிதும் சுருங்கியது. பெண்களும் வெளிச்சத்திலேயே வீடு திரும்பினர். காரணம் தெரிந்தபோது சண்டைக்கு இடமில்லாமற் போயிற்று.

இலைமேல் படியும் சாம்பல்

நமது பகுதிக்கே உரிய ஒரு தொல்லையையும் இங்குக் கூறுதல் வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியைக் கையாளுவது, உயர்நீதிமன்ற ஆணையின் பேரில் 2011-ஆம் ஆண்டில் நின்று, எண்ணூர்த் துறைமுகத்திற்கு மாறியது. பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஆயினும் அத்திப்பட்டு, வல்லூர்ப் பகுதிகளில் நிலக்கரியால் மின்சாரம் ஆக்கும் பணி நடைபெறுகிறது. நிலக்கரித் தூளும் சாம்பலும் காற்றில் வந்து இலைகளில் படிகின்றன. இலை சூரியனை நோக்கி எவ்வளவு திரும்பினாலும், முகத்தில் திரையிட்டால் பயன் என்ன? படிந்த தூள் ஒளியை மறைக்கிறது. இலையின் மூச்சுத் துளைகளையும் அடைக்கிறது.

மாசைப் பிறக்கும் இடத்திலேயே தடுப்பதுதான் உண்மையான பரிகாரம். சாம்பல் ஈரமாக வைக்கப்படுகிறதா, லாரிகள் தார்ப்பாயால் மூடப்படுகின்றனவா என்பதைக் கவனித்து, குறை இருப்பின் தேதியுடனும் புகைப்படத்துடனும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்திற்கு எழுதுதல் பஞ்சாயத்தின் உரிமையும் கடமையும் ஆகும். அதுவரை, நாற்றங்காலிலும் மல்லிகைத் தோட்டத்திலும் கீரைப் பாத்தியிலும் காலை வேளையில் நல்ல நீரைத் தெளித்து இலைகளைக் கழுவலாம். உப்பங்கழி நீரைத் தெளிக்கலாகாது. உப்பு இலையைக் கருக்கி விடும்.

பள்ளியில் செய்யத்தக்க சோதனை

டார்வின் செய்த சோதனையை நம் ஊர்ப் பள்ளியில் காசு செலவின்றிச் செய்யலாம். மூன்று கொட்டாங்கச்சிகளில் மண் இட்டு மக்காச்சோளம் விதைத்து இருட்டில் வைத்தல் வேண்டும். முளை விரல் நுனியளவு உயர்ந்து, இலை வெளிவருவதற்கு முன், முதற் கொட்டாங்கச்சியின் முளைகளை அப்படியே விடுக. இரண்டாவதில் முளை நுனிகளுக்கு வெள்ளித் தாளால் சிறு குல்லாய் இடுக. மூன்றாவதில் நுனியை விட்டு அடியை மட்டும் சுற்றுக. மூன்றையும் ஒரு பக்கம் மட்டும் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, துளையை வெளிச்சத்தின் பக்கம் திருப்புக. சில மணி நேரம் சென்று திறந்து பார்த்தால், முதலும் மூன்றாவதும் துளையை நோக்கி வளைந்திருக்கும். இரண்டாவது நேராகவோ, மிகச் சிறிதளவே வளைந்தோ நிற்கும். ஒரு சிறுவன் தன் கையால் இதனைச் செய்து பார்த்தால், நூறு பக்கம் படித்ததற்கு மேலான பயன் விளையும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

மேலே கூறியவற்றிலிருந்து சில நடைமுறைகளைத் தொகுத்துக் கூறுகிறோம்.

ஒன்று: நாற்றுப் பண்ணையில் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் படும் இடமானால், தட்டுகளையும் பைகளையும் நாள்தோறும் கால் வட்டம் திருப்பி வைக்க வேண்டும். கன்றுகள் நேராக வளரும்.

இரண்டு: நிழலில் வளர்த்த கன்றை நடுவதற்கு முன், சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குதல் வேண்டும்.

மூன்று: மதிற்சுவரை ஒட்டி மரம் நடலாகாது. ஒளியை நாடி ஒரு பக்கம் மட்டும் கிளைவிட்ட மரத்தின் பாரம் அப்பக்கமே சாய்கிறது. 2016-ஆம் ஆண்டு வர்தா புயலையும் 2023-ஆம் ஆண்டு மிச்சாங் புயலையும் கண்ட நம் கடற்கரைக்கு நேராக நிற்கும் மரமே ஏற்றது. புன்னை, பூவரசு, புங்கம், வேம்பு ஆகியவற்றைத் திறந்த இடத்தில் போதிய இடைவெளியுடன் நடுக.

நான்கு: வயலோரத்தில் புதிய விளக்கு அமைக்கும் முன், அங்கு எந்த ரகம் பயிராகிறது என்று கேட்டறிந்து, ஒளி சாலையில் மட்டும் விழுமாறு அமைக்க வேண்டும்.

ஐந்து: வயலில் ஒரு பகுதி மட்டும் வேறுபட்டு நின்றால், உரத்தையோ விதையையோ பழிக்கும் முன், அங்கு விழும் ஒளியையும் நிழலையும் ஒரு பகலும் ஓர் இரவும் சென்று பார்த்தல் வேண்டும்.

செடிக்குக் கண் இல்லை, நரம்பும் இல்லை. ஆயினும் எங்கிருந்து ஒளி வருகிறது, எத்துணை வருகிறது, என்ன நிறத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது என்னும் நான்கையும் அது அறிகிறது. வேரூன்றிய இடத்தை விட்டு அதனால் நகர முடியாது. ஆகையால் அது நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பொறுப்பு நம்முடையது. இவ்வாண்டு மழைக்காலத்திற்கு முன் மரக்கன்று நடும் திட்டத்தை வகுக்கும் பஞ்சாயத்து உறுப்பினர்கள், குழி தோண்டுவதற்கு முன் அவ்விடத்திற்குக் காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் ஒருமுறை சென்று, வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்து வருவார்களாக.